பிடித்துக்கொண்டு போனவனைத் துப்பாக்கி மீட்டுத் தராது

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் இரண்டு துப்பாக்கி வழக்குகளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஒன்று ஹவாய் மாநிலச் சட்டம் பற்றியது. கடை, ஹோட்டல் போன்று பொதுமக்கள் வந்து போகும் தனியார் இடங்களுக்குள், உரிமையாளர் வெளிப்படையாக அனுமதி தராமல் துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். மற்றது, சட்டவிரோதப் போதைப்பொருள் பாவிப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் சட்டம் பற்றியது. அந்த நீதிமன்றத்தின் பெரிய தீர்ப்புகள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் வரும். துப்பாக்கி விரும்பிகளும் அதை வெறுப்பவர்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

இதை வாசித்த உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள்: "துப்பாக்கி வைத்திருப்பதும் ஓர் உரிமையா சேர்? அந்த உரிமை நமக்கும் இருந்திருந்தால் நல்லதுதானே?" பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள். காரணம் விளங்காமல் இல்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டார்கள். அந்த நாட்களைக் கண்ட தலைமுறை "கையில் ஒன்று இருந்திருந்தால்" என்று நினைப்பது இயல்பு.

அந்த ஏக்கத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்வதென்றால் துப்பாக்கியை மட்டும் பார்த்தால் போதாது. 2008 ஜூன் மாதத்தில் அதே அமெரிக்க நீதிமன்றம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு உரிமைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. ஒன்று எதிரிப் போராளி என்று கூண்டில் அடைக்கப்பட்டவனின் உரிமை. மற்றது வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவனின் உரிமை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எதற்கு அடித்தளம் என்பது தெரியும்.

முதலில் கூண்டில் இருந்தவரின் கதை.

லக்தார் பூமெதீன் அல்ஜீரியாவில் பிறந்தவர், பொஸ்னியக் குடியுரிமை பெற்றவர். சராயேவோவில் செம்பிறைச் சங்கத்தில் வேலை செய்தார். இரண்டு சிறிய பெண் பிள்ளைகளின் வாப்பா. 2001 ஒக்டோபரில், அமெரிக்கத் தூதரகத்தைத் தாக்கத் திட்டமிட்டார் என்ற சந்தேகத்தில் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் பொஸ்னியப் பொலிஸ் கைது செய்தது. விசாரணையில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2002 ஜனவரியில் பொஸ்னியாவின் நீதிமன்றம் அவர்களை விடுவிக்கச் சொன்னது. ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டு, குவாண்டனாமோவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

ஏன் குவாண்டனாமோ? அது கியூபாவின் நிலம். 1903இல் செய்த குத்தகை ஒப்பந்தப்படி அமெரிக்கக் கடற்படை அங்கே இருக்கிறது. இறுதி இறைமை கியூபாவுக்கு, முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. 2002 ஜனவரி 11ஆம் திகதி முதல் தொகுதிக் கைதிகள் அங்கே இறக்கப்பட்டபோது புஷ் நிர்வாகத்தின் கணக்கு எளிமையானது. அமெரிக்க மண்ணில் வைத்தால் நீதிமன்றம் கேள்வி கேட்கும். வேறு நாட்டு மண்ணில் வைத்தால் எந்த நீதிபதியும் கேட்க முடியாது. ஏறத்தாழ 780 பேர் அந்தக் கம்பிகளுக்குள் வைக்கப்பட்டார்கள்.

நீதிபதி கேட்கும் அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஹேபியஸ் கோர்பஸ், நமது பாஷையில் ஆட்கொணர்வு எழுத்தாணை. "நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை என் முன்னால் கொண்டு வா. எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறாய் என்று சொல்" என்று நீதிமன்றம் அரசாங்கத்துக்கு இடும் கட்டளை அது. கைதி குற்றவாளியா நிரபராதியா என்பதை அது தீர்மானிப்பதில்லை. வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. காரணம் இருந்தால் அரசாங்கம் அதைக் காட்டிவிட்டுப் போகலாம்.

குவாண்டனாமோக் கைதிகளின் பெயரில் சட்டத்தரணிகள் இந்த மனுவைப் போட்டார்கள். 2004 ஜூனில் ரசூல் வழக்கில், அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த மனுக்களைக் கேட்கலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2005இல் கொங்கிரஸ் சட்டம் இயற்றி அந்தக் கதவைச் சாத்தப் பார்த்தது. 2006 ஜூனில் ஹம்தான் வழக்கில் நீதிமன்றம் மறுபடியும் கைதியின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே வருடம் ஒக்டோபரில், எதிரிப் போராளி என்று அரசாங்கம் வைத்திருக்கும் வெளிநாட்டவரின் ஆட்கொணர்வு மனுவை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. நீதிமன்றம் திறக்க, அரசியல்வாதிகள் மூட, இப்படியே வருடங்கள் போயின.

2008 ஜூன் 12ஆம் திகதி பூமெதீன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதியரசர்களில் ஐந்து பேர் கைதிகள் பக்கம், நான்கு பேர் அரசாங்கத்தின் பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் அந்தனி கென்னடி. காகிதத்தில் இறைமை யாருக்கு என்பதைவிட உண்மையில் அந்த இடத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்றார். அரசாங்கம் தனக்கு விருப்பமான நேரத்தில் அரசியலமைப்பை இயக்கவும் நிறுத்தவும் முடியாது என்றார். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பகுதி செல்லாமல் போனது. எதிர்த்து எழுதிய நீதியரசர் ஸ்காலியா, இந்தத் தீர்ப்பால் இன்னும் அமெரிக்கர்கள் கொல்லப்படுவார்கள் என்று எச்சரித்தார்.

அதன் பிறகுதான் பூமெதீனின் வழக்கை ஒரு நீதிபதி முதன்முதலாகத் திறந்து பார்த்தார். அவர் றிச்சர்ட் லியோன். புஷ் நியமித்தவர், 2005இல் இதே கைதிகளின் மனுவைத் தள்ளுபடி செய்தவர். விசாரணை வந்தபோது தூதரகத் தாக்குதல் குற்றச்சாட்டை அரசாங்கமே கைவிட்டிருந்தது. ஆப்கானிஸ்தானுக்குச் சண்டைக்குப் போகத் திட்டமிட்டார்கள் என்ற புதிய காரணத்தைச் சொன்னது. அதற்கு ஆதாரம் பெயர் சொல்லாத ஒரே ஒரு தகவலாளி. 2008 நவம்பர் 20ஆம் திகதி, ஆறு பேரில் ஐந்து பேரை விடுவிக்குமாறு லியோன் உத்தரவிட்டார். பூமெதீன் 2009 மே மாதம் பிரான்ஸில் விடுதலையானார். பிடிபட்டு ஏழரை வருடங்களுக்குப் பிறகு. அதில் இரண்டு வருடத்துக்கு மேல் அவர் உண்ணாவிரதம் இருந்தார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு செலுத்தினார்கள்.

உறவுகளே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவரை விடுவிக்கப் போதுமாக இருந்தது ஒரு நீதிபதி ஆவணத்தைத் திறந்து பார்த்தது மட்டும்தான். அந்த ஒரு பார்வை கிடைப்பதற்கு ஏழு வருடம் சென்றது.

இப்போது துப்பாக்கி வழக்குக்கு வருவோம்.

பூமெதீன் தீர்ப்பு வந்து சரியாக இரண்டு வாரம் கழித்து, 2008 ஜூன் 26ஆம் திகதி, ஹெல்லர் வழக்கின் தீர்ப்பு வந்தது. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய முழுத் தடை இருந்தது. டிக் ஹெல்லர் அங்கே ஓர் அரச கட்டடத்தின் காவலாளி. வேலை நேரத்தில் துப்பாக்கியோடு காவல் காத்தவருக்கு வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார்.

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791இல் வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள், ஒரே வசனம். வசனத்தின் முற்பகுதி ஒழுங்கான மக்கள் படையைப் பற்றிப் பேசுகிறது. பிற்பகுதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. முற்பகுதி பிற்பகுதியைக் கட்டுப்படுத்துகிறதா இல்லையா என்பதுதான் சண்டை. இலக்கணப் பாடம் எடுக்கும் எங்களுக்கு இதைப் பார்க்க வியப்பாக இருக்கும். இருநூறு வருடங்களுக்கு மேலாக ஒரு வசனத்தின் எழுவாய் பயனிலையில் மனித உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் ஸ்காலியா. எல்லையில்லாத உரிமை அல்ல என்பதையும் அவரே அதில் சேர்த்து எழுதினார்.

இரண்டு தீர்ப்புகளிலும் பெரும்பான்மையில் இருந்த ஒரே நீதியரசர் கென்னடி. மற்ற எட்டுப் பேரும் இரண்டு அணி. கைதியின் உரிமைக்குக் கை தூக்கிய நால்வர் துப்பாக்கி உரிமையை மறுத்தார்கள். துப்பாக்கி உரிமைக்குக் கை தூக்கிய நால்வர் கைதியின் உரிமையை மறுத்தார்கள். "அரசாங்கத்தை நம்ப முடியாது, அதனால் மக்களிடம் ஆயுதம் இருக்க வேண்டும்" என்று வாதிடுபவர்கள் அமெரிக்காவில் ஏராளம். ஆனால் அதே அரசாங்கம் "இவன் ஆபத்தானவன், காரணம் கேட்காதே" என்று சொன்னபோது அவர்களில் பலர் உடனே நம்பிவிட்டார்கள். இந்த முரண்பாட்டைத்தான் நமது பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி உரிமை அதற்குப் பிறகு வளர்ந்துகொண்டே போனது. 2010இல் அது மாநிலங்களுக்கும் பொருந்தும் என்றார்கள். 2022இல் வீட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் உரிமை உண்டு என்றார்கள். 2024இல் றஹீமி வழக்கில் மட்டும் ஓர் எல்லை போட்டார்கள். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவின் கீழ் இருப்பவரிடமிருந்து துப்பாக்கியை எடுக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டத்தை உற்றுப் பாருங்கள். அறிவித்தல் கொடுத்து, ஆளைக் கூப்பிட்டு, அவர் பேச இடம் கொடுத்து விசாரித்த பிறகு பிறந்த உத்தரவாக இருந்தால்தான் அது செல்லும்.

துப்பாக்கியைப் பறிப்பதற்கே அறிவித்தலும் விசாரணையும் வேண்டும். மனைவி பிள்ளைகளிடமிருந்து ஒரு மனிதனைப் பறித்துக் கம்பிக்குள் போடுவதற்கு அந்த இரண்டும் வேண்டாம் என்று ஆறு வருடம் வாதாடினார்கள்.

"துப்பாக்கி இருந்தால் அரசாங்கம் பயப்படும்" என்பவர்களுக்கு அமெரிக்காவின் இன்னொரு யுத்தத்தை ஞாபகப்படுத்துகிறோம். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட பிறகு, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பான்மையானவர்கள் அங்கே பிறந்த குடிமக்கள். அடைப்பதற்கு முன்பே, எதிரி நாட்டவர் என்று கருதப்பட்டவர்கள் துப்பாக்கி, ரேடியோ, கமெரா எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டாவது திருத்தம் அப்போதும் புத்தகத்தில் இருந்தது. சந்தேகம் ஒரு சமூகத்தின் மேல் விழுந்தால் அவர்களுடைய ஆயுதம்தான் முதலில் பறிபோகிறது.

அந்த முகாம்களின் கதவைத் திறக்க உதவியது ஓர் அலுவலகப் பெண்ணின் மனு. மிட்சுயே எண்டோ கலிபோர்னியா மாநில அரசில் எழுதுவினைஞராக இருந்தவர். 1942 ஜூலையில் அவர் பெயரில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. இடையில் அரசாங்கம் ஒரு பேரம் பேசியது: மேற்குக் கரைக்குத் திரும்புவதில்லை என்றால் உன்னை மட்டும் விட்டுவிடுகிறோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தான் வெளியே போனால் வழக்கு முடிந்துவிடும், மற்றவர்கள் உள்ளேயே இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் முகாமிலேயே இருந்தார். 1944 டிசம்பர் 18ஆம் திகதி, விசுவாசமான குடிமகளைத் தடுத்து வைக்க அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்து முதல் நாளே அரசாங்கம் தடையை நீக்குவதாக அறிவித்தது. 1988இல் அந்த அரசாங்கம் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டொலர் கொடுத்தது.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். அதே எழுத்தாணை நமது சட்டத்திலும் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே. 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற இளம் ஆஸ்திரேலியர் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசினார். ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். பிடித்தவுடன் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஆளுநரின் உத்தரவு செல்லாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆளுநரிடம் படை இருந்தது, துப்பாக்கி இருந்தது. நீதிமன்றத்தின் ஒரு தாள் அவரைத் தடுத்தது. இன்று நமது அரசியலமைப்பின் 141ஆவது உறுப்புரை அந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் 2006இல் கொங்கிரஸ் செய்ததை நமது பாராளுமன்றம் 1979லேயே செய்துவிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி ஓர் அமைச்சரின் கையெழுத்தோடு ஒருவரை மூன்று மாதம் மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்று எழுதினார்கள். அந்த உத்தரவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று 10ஆம் பிரிவில் எழுதினார்கள். தற்காலிகச் சட்டம் என்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பதினெட்டு மாதம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் பன்னிரண்டாகக் குறைந்தது.

அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது மனதில் இருந்தவர்கள் வடக்கின் தமிழ் இளைஞர்கள். பிறகு அது தெற்கின் சிங்கள இளைஞர்களையும் பிடித்தது. 2019க்குப் பிறகு நமது வீடுகளுக்கும் வந்தது. அஹ்னாஃப் ஜஸீம் எங்களைப் போல ஓர் ஆசிரியர், கவிதை எழுதுபவர். 2020 மே மாதம் தனது தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காகவும் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதையை ஒழுங்காக வாசித்து முடிக்க அரசுக்கு மூன்றரை வருடம் எடுத்திருக்கிறது. இந்த இடத்தில் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் யாருக்கு என்ன பிரயோசனம்? குற்றப்பத்திரத்தில் இன்னொரு வரி கூடியிருக்கும்.

கிழக்கில் 90களில் நமது ஊர்களுக்கும் ஊர்காவல் படை என்று துப்பாக்கிகள் கொடுத்தார்கள்தான். சில இரவுகளில் அவை ஊரைக் காத்திருக்கும், மறுக்கவில்லை. அவற்றில் சில பக்கத்துத் தமிழ்க் கிராமத்தின் பக்கம் திரும்பின என்பதும் பதிவில் இருக்கிறது. அந்தக் காயம் இரண்டு பக்கத்திலும் இன்னும் ஆறவில்லை.

"அப்படியென்றால் உயிர்த்த ஞாயிறன்று இறந்தவர்களுக்கு நீதி வேண்டாமா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. தேவாலயத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு முன்னால் நின்று கைதிகளின் உரிமை பற்றிப் பேசுவது இலகுவான காரியமல்ல. ஆனால் குவாண்டனாமோவைப் பாருங்கள். செப்டம்பர் 11 தாக்குதலில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அதைத் திட்டமிட்டவர்கள் என்று சொல்லப்படுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2012இல் அவர்கள் மீது குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. இத்தனை வருடமாகியும் பிரதான விசாரணை நடந்து தீர்ப்பு வரவில்லை. இரகசியச் சிறைகளில் சித்திரவதை செய்து வாக்குமூலம் எடுத்ததால் எந்தச் சாட்சியத்தை ஏற்பது என்றே வருடக்கணக்காக வாதம் நடக்கிறது. நீதிமன்றத்தைத் தாண்டிப் போன குறுக்குவழி, இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் நீதியைக் கொடுக்கவில்லை. சும்மா பிடித்தவர்களை நீதிபதி சீக்கிரம் வடிகட்டிவிட்டால், உண்மையான குற்றவாளியைத் தேட நேரமும் ஆளும் மிஞ்சும்.

தீர்ப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அத்னான் லத்தீஃப் என்ற யெமன்காரரும் குவாண்டனாமோவில் இருந்தார். தலைக்காயத்துக்கு மருத்துவம் தேடித்தான் பாகிஸ்தான் போனதாகச் சொன்னார். பூமெதீன் தீர்ப்பு திறந்த கதவால் அவர் வழக்கும் உள்ளே போனது. 2010 ஜூலையில் மாவட்ட நீதிபதி அவரை விடுவிக்கச் சொன்னார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 2011 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அரசாங்கத்தின் உளவு அறிக்கை ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அந்தத் தீர்ப்பை நீக்கியது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர் வழக்கைக் கேட்க மறுத்தது. அதே செப்டம்பரில் அவர் சிறைக்கூடத்தில் இறந்து கிடந்தார். நீதிபதி அரசாங்கம் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஆட்கொணர்வு மனு வெறும் சடங்குதான்.

2025 ஜனவரியில் குவாண்டனாமோவில் மிச்சம் இருந்தவர்கள் 15 பேர். பெரும்பாலானவர்கள் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாமலே போனார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு எங்கள் பதில் இது. துப்பாக்கி வீட்டு வாசலில் ஒரு திருடனை நிறுத்தலாம். சட்டத்தின் பெயரில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனவனை அது திருப்பிக் கொண்டு வராது. அவனைக் கொண்டு வருவது ஒரு நீதிபதியின் கேள்வி. அந்தக் கேள்வி எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், சீக்கிரம் வர வேண்டும், கேட்பவர் பதிலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற உரிமைகள் புத்தகத்தில்தான் இருக்கும். அமெரிக்காவை உருவாக்கியவர்களும் இதை அறிந்திருந்தார்கள் போலும். ஆட்கொணர்வு எழுத்தாணையை 1787இல் அரசியலமைப்பின் உடலிலேயே எழுதினார்கள். துப்பாக்கி நான்கு வருடம் கழித்துத் திருத்தத்தில்தான் வந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

ஒன்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் யாரையாவது கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. அதிகாரி அறிவிப்பார் என்று காத்திருக்காமல் குடும்பமே ஆணைக்குழுவுக்குச் சொல்லலாம். யார் வந்தார்கள், என்ன நேரம், எந்த வாகனம், எங்கே கொண்டு போகிறோம் என்றார்கள் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டு. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "சும்மா விசாரிக்கத்தான் கூட்டிப் போனார்கள், நாளைக்கு விடுவார்கள்" என்று இருந்து அந்த ஒரு மாதத்தைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரிந்து வைத்திருங்கள், தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

மூன்று. பூமெதீனுக்காக வாதாடியவர்கள் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் சட்டத்தரணிகள். கட்டணம் வாங்கவில்லை. நமது ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பணம் சேர்க்கின்றன, நல்ல காரியம். அதில் ஒரு பங்கைச் சட்ட உதவிக்கு ஒதுக்கினால் என்ன? சட்டம் படிக்கும் நமது பிள்ளைகளும் வருடத்துக்கு ஒரு வழக்காவது இப்படி எடுக்கலாம்.

நான்கு, எங்களுக்கு மிக முக்கியமானது. மனுவில் இருக்கும் பெயரைப் பார்த்து நமது குரல் கூடவும் குறையவும் கூடாது. பல வருடமாக உள்ளே இருக்கும் தமிழ்க் கைதியின் தாய் பதாகையோடு வீதியில் நிற்கும்போது, அந்த வரிசையில் நமது பெண்களும் ஆண்களும் நிற்க வேண்டும். நாளைக்குப் பிடிபடுபவன் சிங்களப் பல்கலைக்கழக மாணவனாக இருந்தாலும் அப்படித்தான். எண்டோ தனக்குக் கிடைத்த தனிக் கதவால் வெளியே போகாமல் எல்லோருக்கும் கதவு திறக்கும் வரை இருந்தார். பதாகையோடு நிற்கும் தாயின் பக்கத்தில் அரை நாள் நிற்பது அதோடு ஒப்பிட்டால் சின்ன வேலை.

துப்பாக்கித் தீர்ப்புகளை நிச்சயம் வாசிப்போம், வகுப்பிலும் பேசுவோம். ஆனால் பிள்ளைகளே, "அவரிடம் துப்பாக்கி இருக்கலாமா?" என்று கேட்பதற்கு முன்னால் "அவரைப் பிடித்தால் நீதிபதி எத்தனை நாளில் பார்ப்பார்?" என்று கேட்டுப் பழகுங்கள். குடியியற் கல்வியில் நாங்கள் உங்களுக்குச் சொல்லித் தர விரும்பும் பாடம் அதுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே பண்பாக எழுதுங்கள், பேசுவோம். தடுப்புக் காவலில் யாராவது இருக்கும் குடும்பம் உங்கள் மஹல்லாவில் இருந்தால், இதைப் பகிர்வதோடு நிற்காமல் இன்று அஸருக்குப் பிறகு ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள்.